தராசக்காவின் கை

"வாங்கய்யா, உக்காருங்க. ஒரே ஒரு சொட்டுதான்" என்று சொல்லியபடி கூண்டுக்குள் கையை நீட்டுகிறாள் தராசக்கா. உள்ளே இருக்கும் ஐயா ஒரு வெள்ளை எலி. சிவந்த கண், வாலில் மையால் போட்ட மூன்று கோடு. அவள் அவரைப் பிடிப்பதில்லை. விரித்த கையை மரத்தூளின் மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். ஐயா முகர்ந்து பார்க்கிறார், யோசிக்கிறார், பிறகு தாமாகவே ஏறி உட்காருகிறார். கையோடு வெளியே தூக்கி ஒரு விநாடி அப்படியே நிற்கிறாள். "இருநூத்திப் பன்னெண்டு" என்கிறாள். பக்கத்து மேசையில் இருக்கும் மின்தராசில் வைத்துப் பார்த்தால் இருநூற்றுப் பதின்மூன்று. "மெஷினுக்கு வயசாகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போகிறாள்.

மருந்தியல் கல்லூரியின் பின்கட்டில் உள்ள எலி அறைக்கு அவள் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வேலையின் பெயர் ஆய்வக உதவியாளர். தராசக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவளைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அநேகம். கண்ணைக் கட்டிக் கையில் எலியை வைத்திருக்கிறார்கள். எலிக்குப் பதிலாகப் பேனாப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். பெட்டியின் எடையைச் சரியாகச் சொல்லிவிட்டு, பெட்டியை வைத்தவனை அரை மணி நேரம் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள்.

எடையைவிடப் பெரிய வித்தை சொட்டு எடுப்பது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை எலியின் வாலில் சுற்றி, சூடு ஏறும்வரை உள்ளங்கைக்குள் வைத்திருப்பாள். வால் நுனியில் ஊசி பட்டதா இல்லையா என்று எலிக்கே சந்தேகமாக இருக்கும். கடுகளவு இரத்தம் எட்டிப் பார்க்கும். அதைச் சோதனைப் பட்டையில் ஒற்றியதும் பஞ்சை வைத்து அழுத்தி, வாய்விட்டு முப்பது எண்ணுவாள். மாணவர்கள் பத்தோடு விட்டுவிடுவார்கள். "பத்து எண்ணினா ரத்தம் நிக்கும். முப்பது எண்ணினாத்தான் பயம் நிக்கும்" என்பது அவள் கணக்கு. கருவியில் எண் தெரியும்வரை அந்த ஐந்து விநாடியும் அவள் மூச்சு விடமாட்டாள். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் சொட்டு பார்த்திருப்பாளோ, இன்னும் அந்த ஆச்சரியம் தீரவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துளி, முழு உடம்பின் கதையையும் சொல்லிவிடுகிறதே என்று வாயைப் பிளந்து நிற்பாள்.

எலிகளுக்காக அவள் விட்டுவிட்டவை பல. வாசனைச் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, கையில் வளையல் கிடையாது. சத்தமும் வாசனையும் அவர்களைக் கலக்கிவிடுமாம். அறைக்குள் அவள் குரல் தரையோடு தரையாக இருக்கும். வெளியே வந்துவிட்டாலோ, காவலாளி முதல் முதல்வர் வரை யாருக்கும் "வா, போ"தான். துறைத் தலைவியை "மேடம், இங்க வா" என்று கூப்பிடக்கூடிய ஒரே ஜீவன் அந்தக் கல்லூரியில் அவள்தான். மேடம் இருபத்திரண்டு வயதில் மாணவியாக வந்து, முதல் எலியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்தவள் அவள். அந்த உரிமையை மேடமும் இதுவரை பறிக்கவில்லை. மேடம் அவளை "அக்கா" என்பார். ஆக, அந்தக் கட்டடத்தில் தராசக்காவின் வாயிலிருந்து "வாங்க, உக்காருங்க" கிடைப்பது எலிகளுக்கு மட்டும். ஓர் ஆய்வு முடிந்து எலிகளின் கதையும் முடிகிற நாளில் அவள் வேலைக்கு வரமாட்டாள். காரணம் யாரும் கேட்பதில்லை.

மருந்துக்கான சாறு எடுப்பதும் அவள் பாடுதான். மேடத்தின் ஆய்வு முழுக்கச் சர்க்கரை நோய்க்கு மூலிகை தேடுவது. இலை, பட்டை, வேர், பூ என்று பத்தொன்பது வருடத்தில் அவள் இடிக்காதது இல்லை. ஒவ்வொன்றும் ஆரவாரமாக வந்தது, ஒன்றும் செய்யாமல் போனது. "ஊர்ல இருக்கிற செடியெல்லாம் புழிஞ்சு ஊத்தியாச்சு. எல்லாம் எலி மூத்திரமாப் போச்சு" என்று அவள் தன் பணிக்காலத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவாள்.

இந்த முறை வந்தது வெந்தயம். எந்தச் சமையலறையிலும் ஒரு டப்பாவில் கிடக்கும் விதை. அதை மாவாக அரைத்து, ஸ்பிரிட்டில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, வெந்நீர்த் தொட்டியில் சுழலும் கண்ணாடிக் குடுவையில் வற்றவைத்தால், ஒரு கிலோவுக்கு ஒரு கையளவு பழுப்புக் களிம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, மழுங்கிய சிறு குழாயால் தினமும் காலையில் எலியின் தொண்டைக்குள் விட வேண்டும். எலிகள் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு. முதல் வரிசை ஆரோக்கியமானவர்கள். மற்ற மூன்று வரிசைக்கும் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்திருந்தார்கள். இரண்டாவது வரிசைக்கு மருந்தே கிடையாது. மூன்றாவது வரிசைக்குக் கடையில் விற்கும் மாத்திரை. நான்காவது வரிசைக்கு விதைச்சாறு. வாரம் ஒரு நாள் மாலையில் எல்லாருடைய தீனியையும் எடுத்துவிட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் சொட்டு எடுத்து எழுத வேண்டும்.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை காலை எண்களைப் பார்த்த மேடம், நாற்காலியிலிருந்து எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். இரண்டாவது வரிசை நானூறைத் தொட்டு நின்றது. நான்காவது வரிசை நூற்றைம்பதில் இருந்தது. மாத்திரை சாப்பிட்ட வரிசைகூட அதற்கு எவ்வளவோ பின்னால். "மாத்திரையையே தாண்டிருச்சு அக்கா" என்றார் மேடம். தராசக்கா அலமாரியிலிருந்த டப்பாவைத் திறந்து நாலு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனூண்டு விதைக்குள் யார் கொண்டுபோய் வைத்தது இதையெல்லாம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்போடுதான் ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாராவாரம் அங்கேதான் மதியச் சாப்பாடு. தம்பி பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவன் என்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம், இடது காலில் ஒரு விரல் போய், பக்கத்து விரலில் புண். இன்சுலின் ஊசிக்கு மாறியதும், ஊசி போட்டுக்கொள்கிறவனிடம் ஐம்பது உயிரை ஒப்படைக்க முடியாது என்று சொல்லி, நிர்வாகம் அவனைப் பணிமனையில் உதிரிப் பாகம் எடுத்துக் கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டது. அதிலிருந்து அவன் சிரிப்பதைக் குறைத்துவிட்டான். சாப்பிடும்போதுகூட இடது கை தொடை மேல் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி வளைந்தே இருக்கும்.

அவனிடம் போய் நான்காவது வரிசையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நானூறும் நூற்றைம்பதும் சொன்னாள். மாத்திரையைத் தாண்டியதைச் சொன்னாள். "எலிக்குத்தான்டா" என்பதையும் சொன்னாள், கடைசியில், கை கழுவிக்கொண்டே. தம்பி எழுந்து சமையலறைக்குள் போய் அலமாரியில் டப்பா டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பசி போல என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசிக் கணக்கு. அது முடிந்ததும் மேடம் ஒரு பெரிய கூட்டத்தில் போய்ப் பேச வேண்டும். விதைச்சாற்றை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்கிறவர்கள் அங்கே வருவார்கள். மேடம் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டார்.

காலையில் இரண்டாவது வரிசையில் தொடங்கினாள். மூன்று கோட்டு ஐயா வழக்கம்போல முகர்ந்து, யோசித்து, ஏறி உட்கார்ந்தார். தூக்கினாள். தூக்கியவள் எடை சொல்லவில்லை. மறுபடி இறக்கிவிட்டு மறுபடி தூக்கினாள். கடைசிக் கணக்காயிற்றே என்று நேற்று மாலை தீனியை எடுக்கும்போதும் முதல்முறையாகத் தூக்கிப் பார்த்திருந்தாள், இருநூற்று ஒன்பது. ஒரு ராத்திரிப் பட்டினிக்குப் பதினைந்து கிராமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. வயிறு வேறு கெட்டியாக இருந்தது. "ஐயா, எங்க சாப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவரை மாற்றுக் கூண்டில் விட்டுவிட்டு, மரத்தூளுக்குள் கையை விட்டுத் துழாவினாள். மூலையில் அடித்தூளோடு தூளாகப் புதைந்து கிடந்தன ஐந்து தீனிக் கட்டிகள். மூன்றில் பல் பட்டிருந்தது.

மூன்றாவது வரிசையில் துழாவினாள்; அங்கேயும் இருந்தது. நான்காவது வரிசையில் ஆறு கூண்டிலும் ஒரு துகள்கூட இல்லை.

ஏன் இல்லை என்று புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வெந்தயச்சாறு குடிக்கும் எலியின் மூத்திரத்தில் கருகிய சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு வாசனை வரும். அவளுக்கே அது தலையைச் சுற்றியது. தன்னைவிட நூறு மடங்கு மூக்கு உள்ள அந்தப் பிராணிகள் அதிலேயே எப்படிப் படுத்திருக்கும் என்று பாவம் பார்த்து, எல்லாக் கூண்டுக்கும் காலையில் தூள் மாற்றுவது போதாதென்று, நான்காவது வரிசைக்கு மட்டும் மாலையிலும் மாற்றிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பதிவேட்டிலும் இல்லை. சர்க்கரை வந்த எலிக்குப் பசி அடங்காது. கிடைத்ததைப் பகலெல்லாம் தூளுக்குள் ஒளித்துவைக்கும். நான்காவது வரிசை ஒளித்துவைத்தது ஒவ்வொரு மாலையும் பழைய தூளோடு குப்பைக்குப் போயிற்று. மற்றவர்கள் ஒளித்துவைத்தது ராத்திரி வயிற்றுக்குள் போயிற்று. இரண்டு வரிசை தின்றுவிட்டும் ஒரு வரிசை பட்டினி கிடந்தும் கொடுத்த சொட்டைத்தான் நான்கு வாரமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கட்டிகளைக் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொட்டு எடுத்திருந்தால், உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு அவளுக்கு வந்ததா என்று பிறகு மேடமே கேட்டார். "வராம இருக்குமா? பத்தொம்பது வருஷத்துல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சிருக்கு. அதையும் நானே கெடுக்கணுமான்னு வந்துது" என்றாள்.

வந்தது, போயிற்று. கதவைத் திறந்து நடைக்கூடம் அதிர "மேடம், இங்க வா" என்று கூப்பிட்டாள்.

மேடம் வந்து பார்த்தார், கேட்டார், முக்காலியில் உட்கார்ந்தார். பல் பட்ட ஒரு கட்டியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். தப்பு முழுக்கத் தன்னுடையது, தன் மூக்கு செய்த வேலை என்று தராசக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அக்கா" என்றார் மேடம்.

"என் கைக்குத் தெரிஞ்சுபோச்சே மேடம். நான் என்ன பண்ண?"

மேடம் அவளுடைய கையையே பார்த்தார். தடித்த விரல்கள், ஸ்பிரிட் பட்டு வெளுத்த நகங்கள், கட்டைவிரலில் பழைய கடித் தழும்பு. எத்தனையோ கருவி வாங்கக் கேட்டு எழுதியிருக்கிறார். இப்படி ஒன்று வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றாது என்று நினைத்தார். பிறகு பேனாவை எடுத்துப் பதிவேட்டில் நான்கு வாரத்தின் மேலும் குறுக்கே கோடு போட்டார். கூட்டத்துக்கு வரவில்லை என்று தகவல் அனுப்பினார்.

அன்று மாலை, ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தம்பி வீட்டுக்கு நடந்தாள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில் காலி, மூன்றாவதில் பாதி. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மீதிப் பாதியும் போயிற்று. உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்ப் புட்டியை இப்படி உறிஞ்சுகிறவர்களை அவளுக்குத் தெரியும், இரண்டாவது வரிசை.

"ஊசி போட்டியாடா?"

"போட்டேன்க்கா. ஏன்?"

அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிய கை மேலேயே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கை இவ்வளவு லேசாக இல்லை. மறு பேச்சு பேசாமல் குனிந்து மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். சுவரோரத்து மூலையில் தட்டுப்பட்டது ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் உறை பிரிக்காத ஊசிகள் ஒன்பது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், காலைக்கும் ராத்திரிக்குமாக இரண்டிரண்டு; வெள்ளி காலை ஒன்று. கூடவே ஒரு டப்பா வெந்தயப் பொடி.

"அந்த எலிக்கு இறங்கிச்சுன்னு நீதானேக்கா சொன்னே" என்றான் தம்பி. "எனக்கும் இறங்கினா மறுபடி வண்டி குடுப்பாங்கன்னு…"

தராசக்கா அழுதாள். திட்டுவதற்குத் திறந்த வாயில் அழுகைதான் வந்தது. தம்பி மனைவி ஓடிவந்து பார்த்து, அவளும் அழ, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டி ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கருவி எண்ணே காட்டவில்லை. தன் எல்லைக்கு மேல் என்று மட்டும் காட்டிற்று. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் மருத்துவர். கால் புண்ணைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாள் கழித்து, விரல் தப்பித்தது என்று சொன்னார். அந்த ஐந்து நாளும் தராசக்கா காலையில் எலி, மாலையில் தம்பி என்று இருந்தாள்.

மேடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். புது எலிகள், புதுச் சாறு. பட்டினி ராத்திரியில் நான்கு வரிசைக்கும் தூளே கிடையாது, கம்பிவலைத் தரை. ஒளித்துவைக்க இடமில்லை. மேடத்தின் மேசையில் ஒரு சோதனைக் குழாயில் பல் பட்ட தீனிக் கட்டி ஒன்று அடைத்து நிற்க வைக்கப்பட்டது. புதிதாக வருகிற மாணவர்களுக்கு முதல் பாடம் அதுதான்.

நான்காம் வாரம் எண்கள் வந்தன. விதைச்சாறு குடித்த வரிசை முன்னூற்று எழுபதில் தொடங்கி முன்னூற்றுப் பத்தில் நின்றது. மாத்திரையைத் தாண்டவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. "அறுபதுதான் அக்கா" என்றார் மேடம்.

"அறுபதா?" என்றாள் தராசக்கா. அவள் கண் விரிந்துவிட்டது. இலை, பட்டை, வேர், பூ என்று எதுவும் பத்துகூட இறக்கியதில்லை. இது பட்டினி வித்தியாசமும் இல்லாமல், பொய்யும் இல்லாமல், வெறும் விதையால் இறங்கிய அறுபது. மறுபடியும் டப்பாவைத் திறந்து நாலு விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "எடையே தெரியல மேடம்" என்றாள். அவள் கைக்கு எடை தெரியாத ஒரே பொருள் அதுதான். முதல் தடவையைவிட இந்தத் தடவை அதிகமாகச் சிலிர்த்தது என்று பிறகு சொன்னாள்.

இப்போதும் தெருவில் அவளை நிறுத்திக் கேட்கிறார்கள். உங்கள் கல்லூரியில் சர்க்கரைக்கு விதை மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே என்று. "எலிக்குக் கொஞ்சம் கேக்குது. ஆளுக்குக் கேக்குமான்னு தெரிய இன்னும் எத்தனையோ வருஷம். அதுவரைக்கும் டாக்டர் குடுத்ததை ஒழுங்காப் போடு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பாள். இந்த முறை அவள் 'எலிக்கு' என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். பணிமனைச் சன்னல்தான் இன்னும். வண்டி கொடுக்கவில்லை. தராசக்கா முக்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, வெந்நீரில் நனைத்த துணியை அவன் விரலில் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றுகிறாள். பிறந்ததிலிருந்து அவனை "டா" போட்டே கூப்பிட்டவள், குரலைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டு சொல்கிறாள்: "வாங்கய்யா. ஒரே ஒரு சொட்டுதான்."

தம்பி சிரித்துவிடுகிறான். ஊசி பட்டதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. பஞ்சை அழுத்தி அவள் எண்ண ஆரம்பிக்கிறாள். பத்து, பதினொன்று. ஒரு கை அவன் விரலை விடவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. மறு கை, கண் போகாமல், தானாகவே, மெத்தைக்கு அடியில் நுழைந்து சுவரோரத்து மூலைவரை துழாவிக்கொண்டு போகிறது.